குளிர் அதிகமான இடத்தில் பனை வளர்க்க ஆசையா? எதை நடலாம், எதை விட்டுவிடலாம்

பனைக் குடும்பத்தில் ஏறக்குறைய 2,500 இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உறைபனியையே பார்க்காத வெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. தென்னைக்கு உறைபனி ஆகவே ஆகாது, பனைமரமும் கடுங்குளிரில் பிழைக்காது. ஆனால் மைனஸ் 10, மைனஸ் 15, ஏன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரைகூடத் தாங்கி நிற்கிற பனைகள் ஒரு கைப்பிடி அளவு இருக்கின்றன. வீட்டு முன்புறத்தில் ஒன்று வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தக் கைப்பிடிக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கேதான் குழப்பமும் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் நர்சரியில் கன்றின் கழுத்தில் தொங்குகிற சீட்டில் ஒரே ஒரு எண் இருக்கும், 'மைனஸ் 12 வரை தாங்கும்' என்று. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களின் மரம்தான் இரண்டாவது, மூன்றாவது குளிர்காலத்தில் போய்விடுகிறது.

என் கணக்கில் அந்த எண் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இடத்தில் குளிர் எவ்வளவு நேரம் நிற்கிறது, அது ஈரக் குளிரா உலர்ந்த குளிரா என்பது. இரண்டாவது, கோடையில் எவ்வளவு சூடு கிடைக்கிறது என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் எந்தப் பனை என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். மற்ற மரங்களில் ஒரு கிளை பட்டுப்போனால் வேறு பக்கத்தில் துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு இருப்பது ஒரே ஒரு குருத்து, தலையின் நடுவில். அது செத்தால் மரமே செத்தது. தண்டிலும் மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் தடிக்கிற படலம் கிடையாது, அதனால் ஒருமுறை ஏற்பட்ட காயம் மூடுவதே இல்லை. ஓலை கருகுவது ஒரு வெப்பநிலையில் நடக்கும், குருத்து சாவது அதைவிடப் பல டிகிரி கீழே நடக்கும். சீட்டில் போட்டிருக்கும் எண் இந்த இரண்டில் எது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பொதுவாக அது, நன்றாக வேர் பிடித்த பெரிய மரம், ஒரு இரவின் சில மணி நேரம் தாங்கிய அளவு. மறுநாள் பகலில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே வந்துவிட்டால் அது பிழைக்கும். அதே மைனஸ் 12 நான்கு நாள் இரவும் பகலும் நின்று, மண்ணும் உறைந்துபோனால் கதையே வேறு. மண் உறைந்தால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, ஆனால் வெயிலும் காற்றும் ஓலையை உலர்த்திக்கொண்டே இருக்கும். இதோடு குருத்துக்குள் தேங்கிய மழைநீரும் உறைந்தால், அப்புறம் வருவது குருத்தழுகல். மரம் குளிரிலேயே சாகாமல், குளிர் போன பிறகு அழுகிச் சாகும்.

சரி, இனங்களுக்கு வருவோம்.

நிமிர்ந்த தண்டோடு, தூரத்திலிருந்து பார்த்தாலே பனை என்று தெரிகிற மரம் வேண்டும் என்பவர்களுக்கு முதல் தேர்வு விண்ட்மில் பனை. தாவரப் பெயர் டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. சீனாவின் மலைப்பகுதிகளில் நாருக்காக நெடுங்காலமாக வளர்க்கப்பட்டது இது. 1849-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கன்றுகளை அனுப்பினார், பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். தண்டு முழுக்கப் பழுப்பு நிறப் பன்னாடை சுற்றியிருக்கும், கிட்டத்தில் போய்த் தொட்டால் முரட்டுச் சாக்கைத் தொடுவது போல இருக்கும். நல்ல நாள் பார்த்து அதை உரித்து வழவழப்பாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் அதிகமான இடத்தில் அதைச் செய்யாதீர்கள், தண்டுக்கு அது இயற்கையான போர்வை. வேர் பிடித்த மரம் மைனஸ் 15 வரை தாங்கும், சில மரங்கள் அதற்கும் கொஞ்சம் கீழேகூட.

ஆனால் இதன் உண்மையான பலம் அந்த எண்ணில் இல்லை. கோடை குளிர்ச்சியாக, மேகமூட்டமாக, மழையாக இருந்தாலும் இது வளர்ந்துகொண்டே இருக்கும். மற்ற பல பனைகள் அப்படிப்பட்ட கோடையில் ஒரு ஓலைகூட விடாமல் சும்மா நிற்கும். கடலோரத்தில் இருக்கும் மிதமான, ஈரமான இடங்களுக்கு இதைவிட நல்லது இல்லை. குறை என்றால் காற்று. பெரிய விசிறி ஓலைகளின் நுனி ஒடிந்து, கிழிந்து, கந்தலாகிவிடும். காற்று அடிக்கிற இடமானால் இதன் நெருங்கிய உறவான வாக்னேரியானஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஓலை சிறியது, விறைப்பானது, காற்றில் அசையவே யோசிக்கும். குளிர் தாங்கும் திறன் கிட்டத்தட்ட அதேதான். அழகும் எனக்கு இதில்தான் அதிகம்.

விண்ட்மில் பனை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பெண் மரத்தின் காய்களைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும். சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ பகுதியில் இது வீட்டுத் தோட்டங்களிலிருந்து தப்பி, காட்டுக்குள் அடர்ந்து முளைத்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்க ஆரம்பித்தது. 2024 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் இதன் விற்பனைக்கே தடை. குளிர்காலம் மிதமாகவும் பக்கத்தில் காடும் உள்ள இடமானால், காய் பழுக்கும் முன்பே பாளையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

இனி, உண்மையிலேயே கடுங்குளிர் அடிக்கும் இடங்கள். மைனஸ் 18, மைனஸ் 20 வரை போகிறது என்றால் விண்ட்மில் பனையை ஆண்டுதோறும் போர்த்திக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அங்கே இரண்டே இரண்டு பெயர்கள்தான்: ஊசிப் பனை, குட்டை சபால்.

ஊசிப் பனை, அதாவது ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மரநிழலில், ஈரப்பாங்கான மண்ணில் வளர்வது. உலகத்திலேயே குளிரை அதிகம் தாங்கும் பனை என்று இதைத்தான் சொல்கிறார்கள். நன்றாக வேரூன்றிய புதர் மைனஸ் 20-க்குக் கீழேயும் பிழைக்கிறது. ஆனால் இது மரமாக நிமிராது, புதராகத்தான் பரவும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதே அளவு அகலம். ஓலையடியில் கறுப்பு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும், விரல் நீளத்துக்கு மேலேயே, நல்ல கூர்மை. குழந்தைகள் ஓடுகிற நடைபாதை ஓரத்தில் வைக்கக் கூடாது. காய்ந்த ஓலையை எடுக்கும்போது தடித்த கையுறை இல்லாமல் கையை உள்ளே விடவே கூடாது. வளர்ச்சி ரொம்ப மெதுவு, அதனால் விண்ட்மில் பனையில் செய்வது போலச் சின்னக் கன்றாக வாங்கிக் காத்திருப்பது இதில் கஷ்டம், முடிந்த அளவு பெரிய புதராக வாங்குங்கள். நிழலில் அழகாக இருக்கும் பனைகள் குறைவு, இது அதில் ஒன்று. பெரிய மரங்களின் அடியில் என்ன வைப்பது என்று தெரியாமல் விட்டிருக்கும் இடத்துக்கு இது கச்சிதம்.

குட்டை சபால், சபால் மைனர், இன்னும் சுவாரசியமானது. இதன் தண்டு மண்ணுக்கடியிலேயே இருக்கிறது. வெளியே தெரிவது ஓலை மட்டும், குருத்து பூமிக்குள் பத்திரமாக இருக்கும். மேலே இருக்கிற ஓலையெல்லாம் கருகினாலும், மண்ணும் மூடாக்கும் காப்பாற்றிய குருத்திலிருந்து கோடையில் மறுபடி ஓலை விடும். ஓக்லஹோமாவின் மெக்கர்ட்டன் மாவட்டத்தில் இயற்கையாக வளரும் கூட்டத்திலிருந்து வந்த கன்றுகளுக்குக் குளிர் தாங்கும் திறன் இன்னும் அதிகம் என்று பனை வளர்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். சபால்களில் ஒரு தொந்தரவு, நட்ட இடத்திலிருந்து பெயர்த்து வேறு இடத்தில் வைப்பது. வெட்டுப்பட்ட வேர் மறுபடி கிளைக்காமல் செத்துவிடும், தூரிலிருந்து புது வேர் வந்தாக வேண்டும், மண்ணுக்குள் ஆழமாகப் போகும் தண்டைச் சேதமில்லாமல் தோண்டவும் முடியாது. எனவே தொட்டியில் வளர்ந்த கன்றை வாங்கி, முதலிலேயே சரியான இடத்தில் நட்டுவிட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு, விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சூடான, நீண்ட கோடை வேண்டும். கோடையில் சேர்த்த மாவுச்சத்தை வைத்துத்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. கோடை 20 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம் என்கிற இடத்தில், சீட்டில் மைனஸ் 20 என்று போட்டிருந்தாலும், ஊசிப் பனை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, மைனஸ் 10-லேயே போய்விடலாம். அதே இடத்தில் மைனஸ் 15 சீட்டுப் போட்ட விண்ட்மில் பனை ஜம்மென்று நிற்கும். எண்ணை மூன்றாவதாகப் பாருங்கள் என்று சொன்னது இதனால்தான்.

மத்தியதரைக் கடலோரத்தின் குட்டைப் பனை, சாமேரோப்ஸ் ஹுமிலிஸ், இன்னொரு பக்கம். குளிர் மைனஸ் 10, மிஞ்சிப்போனால் மைனஸ் 12. கோடை வறண்டு வெயில் காய்கிற, மண் சீக்கிரம் உலர்கிற இடத்துக்கு ஏற்றது. இதை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம், ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் வருவது. ஒரு குருத்து செத்தாலும் பக்கக் கன்று தலையெடுக்கும். ஒற்றைக் குருத்துப் பனைகளுக்கு இல்லாத காப்பீடு இது. மட்டையின் இரு ஓரத்திலும் கருக்கு உண்டு, கவனம் வேண்டும். ஆயுளும் அதிகம்: இத்தாலியின் படுவா தாவரவியல் தோட்டத்தில் 1585-இல் நட்ட ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, குளிருக்காக அதைச் சுற்றிக் கண்ணாடி வீடே கட்டியிருக்கிறார்கள். மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த வெள்ளி நீல ஓலை வகை ஒன்றும் கிடைக்கிறது. வறண்ட குளிரில் நன்றாகத் தாங்கும். ஈரக் களிமண்ணில் இந்த இரண்டு வகையையும் வைக்க வேண்டாம்.

இதுவரை சொன்ன எல்லாமே விசிறி ஓலை. தென்னை மாதிரி கீற்று ஓலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு வழி குறுகல். தெற்கு பிரேசில், உருகுவே பக்கத்து ஜெல்லி பாம், அதாவது பூட்டியா, மைனஸ் 10 வரை ஓரளவு தாங்கும். சாம்பல் கலந்த ஓலை வில்லாக வளைந்து கீழே இறங்கும், பழமும் தின்னலாம், ஜாம் போடலாம். சிலி ஒயின் பாம், ஜுபேயா, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், ஆனால் இது உங்கள் பேரப்பிள்ளைகளுக்காக நடுகிற மரம். கியூ தோட்டத்தில் 1846-இல் விதையிலிருந்து வளர்த்த ஒன்று கடைசியில் கண்ணாடி வீட்டின் கூரையையே தொட்டது, ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தண்டு யானைக்கால் போலப் பருக்கும், சின்ன முற்றத்தில் வைத்துவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம்.

கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை இவை எதுவுமே இல்லை. கேனரி ஈச்சையும் வாஷிங்டோனியாவும்தான் வரிசையாக நிற்கும், காரணம் வேகமாக வளரும், அதனால் மலிவு. கேனரி ஈச்சைக்கு மைனஸ் 6, 7-லேயே ஓலை போய்விடும், மைனஸ் 10 என்பது பெரும்பாலும் முடிவு. வாஷிங்டோனியாவில் ஒல்லித் தண்டு வகையான ரொபஸ்டாவும் அப்படித்தான். தடித்த தண்டு ஃபிலிஃபெரா வறண்ட குளிரில் மைனஸ் 10 வரை நிற்கும், ஈரக் குளிரில் நிற்காது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் அடித்த குளிரில் இது ஊரறிய நடந்தது. டல்லஸில் மைனஸ் 19 வரை இறங்கியது. மிதமான ஆண்டுகளில் உயரமாக வளர்ந்துவிட்ட ஈச்சைகளும் வாஷிங்டோனியாக்களும் அந்த மாநிலத்தில் ஏராளமாகச் செத்தன, குட்டை சபாலும் ஊசிப் பனையும் ஓலை நுனி கருகியதோடு மீண்டன. கடந்த பத்து ஆண்டில் என்ன பிழைத்தது என்பதைவிட, கடந்த முப்பது, நாற்பது ஆண்டில் வந்த மிக மோசமான குளிர் எவ்வளவு என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது, பனை அவ்வளவு காலம் நிற்கப் போகிற மரம். கேனரி ஈச்சைக்குச் சிவப்புக் கூன்வண்டும் பெரிய எதிரி, அது பரவியிருக்கும் பகுதியானால் இன்னொரு முறை யோசியுங்கள்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. கார்டிலைன், யுக்கா, சேகோ பாம் என்கிற சைகஸ், இவையெல்லாம் பனை என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. இவை எதுவுமே பனைக் குடும்பம் கிடையாது. மேலே சொன்ன குருத்துக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

ஆக, எந்த நிலைமைக்கு எது? கோடை சூடாகவும் வறண்டும் இருந்து, குளிர் எப்போதாவது மைனஸ் 8 தொடுகிறது என்றால் சாமேரோப்ஸோ பூட்டியாவோ, இடம் பெரிதானால் ஜுபேயாவோ. கோடை குளிர்ச்சி, குளிர்காலம் ஈரம், மைனஸ் 12 வரை என்றால் விண்ட்மில் பனை, காற்று இருந்தால் வாக்னேரியானஸ், வேறு எதையும் தேட வேண்டாம். மைனஸ் 18 வருகிறது, ஆனால் கோடை கொளுத்துகிறது என்றால் ஊசிப் பனை, குட்டை சபால். மைனஸ் 18-உம் வருகிறது, கோடையும் மந்தம் என்றால், தரையில் நட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தொட்டியில் சாமேரோப்ஸ் வைத்து, குளிர்காலத்தில் சூடு போடாத, ஆனால் வெளிச்சம் வருகிற அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். தொட்டியை வெளியிலேயே விடக் கூடாது. ஓலை தாங்கும் குளிரை வேர் தாங்காது, தரையில் மண் காப்பாற்றுகிற வேர் தொட்டியில் எல்லாப் பக்கமும் குளிரில் நிற்கிறது.

போர்த்திப் போர்த்தி வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வளர்க்கலாம்தான். வேரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு, ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துத் தளர்வாக ஒரு கட்டு, அதைச் சுற்றி காற்றுப் போய்வருகிற உறைபனித் துணி, கடுங்குளிர் இரவில் உள்ளே பழைய மாதிரிக் குண்டு பல்பு சரம் (எல்.இ.டி. சரம் சூடே தராது). குருத்துக்கு மேல் மழை விழாமல் ஒரு சின்னக் கூரை போட்டால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டாதீர்கள், பகல் வெயிலில் உள்ளே வெந்து, இரவில் வியர்த்து, அழுகலுக்கு வழி செய்யும். ஆனால் மரம் உயரும். ஆள் உயரம் வரை போர்த்துவது ஒரு மணி நேர வேலை, கூரை உயரம் போனபின் ஏணியும் சாரமும் வேண்டும். அதனால் என் விதி இது: சாதாரணக் குளிர்காலத்தை எந்த உதவியும் இல்லாமல் கடக்கிற இனத்தை மட்டும் தரையில் நடுங்கள், எப்போதாவது வருகிற மோசமான குளிருக்கு மட்டும் போர்வையை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் போர்த்த வேண்டிய மரம், நீங்கள் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் போய்விடும்.

இடத் தேர்வும் ஒரு இனத்தை மாற்றுவதற்குச் சமம். பகல் முழுக்க வெயில் வாங்கும் சுவரோரம் இரவில் திறந்த வெளியைவிடச் சில டிகிரி கதகதப்பாக இருக்கும். சரிவின் அடிப்பகுதியைத் தவிருங்கள், கனத்த குளிர்காற்று இறங்கித் தேங்குவது அங்கேதான். கூரைத் தண்ணீர் தலையில் சொட்டும் இடமும் வேண்டாம். களிமண்ணானால் குழி தோண்டி மணல் போட்டு நிரப்பாதீர்கள், குழி குளமாகும், மண்ணை மேடாகக் குவித்து அதில் நடுங்கள். தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், கழுத்தை மூடக் கூடாது. கோடை முடிவில் தழைச்சத்து உரம் போட்டு இளந்துளிரைக் கிளப்பிவிடாதீர்கள், பொட்டாஷும் மக்னீசியமும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குளிர் போனதும் எல்லோரும் செய்கிற அவசர வேலை, கருகிய ஓலையை எல்லாம் வெட்டித் தள்ளுவது. கொஞ்சம் பொறுங்கள். பாதி பச்சை மிச்சமிருந்தாலும் அது மரத்துக்குச் சோறு. முதலில் நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். அசையாமல் விறைப்பாக இருந்தால் நிம்மதி. சரக்கென்று கையோடு வந்து, அடிநுனி பழுப்பாக வழவழத்து, புளித்த நாற்றம் அடித்தால் அழுகல் இறங்கிவிட்டது. அப்போதும் மரத்தை வெட்டக் கூடாது. உள்ளே தேங்கிய நீரை வடித்து, தாமிரப் பூஞ்சைக்கொல்லியைக் குருத்துக் குழிக்குள் ஊற்றி, மழை படாமல் மூடி, நடுக்கோடை வரை காத்திருங்கள். வளர்முனை அழுகலுக்குக் கீழே உயிரோடு இருந்தால் புதுக் குருத்து முதலில் கோணல்மாணலாக, பாதி அறுந்த ஓலையோடு வரும், அடுத்தடுத்தவை சரியாகிவிடும். விண்ட்மில் பனை இப்படி மீள்வது சகஜம்.

கடைசியாக வாங்கும் அளவும் நேரமும். கையளவு நாற்றுகள் சீட்டில் இருக்கும் குளிரைத் தாங்கவே தாங்காது. மூன்று, நான்கு ஆண்டு வளர்ந்த, தூர் தடித்த கன்றாக இருக்க வேண்டும். நடும் நேரம் வசந்தத்தின் கடைசி அல்லது கோடையின் ஆரம்பம், ஏனென்றால் பனை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். இலையுதிர் காலத்தில் தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று வாங்கி உடனே நட்டால், வேர் பிடிக்காமலேயே குளிரைச் சந்திக்கும், அப்படி வாங்கிவிட்டால் தொட்டியிலேயே உள்ளே வைத்திருந்து அடுத்த வசந்தத்தில் நடுங்கள். எந்த இனமானாலும் முதல் இரண்டு குளிர்காலம் மூடாக்கும் துணியும் போடுங்கள், அதற்கப்புறம் வெப்பமானியைப் பார்த்து முடிவெடுத்தால் போதும்.